சேமிப்புக் கவர்

முதல் தேதி காலை. கணவன் சம்பளத்தை நீட்டியதும், அவள் ஆறு கவர்களை எடுத்துக் கட்டிலில் கடை பரப்பினாள். வாடகை, மளிகை, பால், பள்ளிக்கூடம், பெட்ரோல், சேமிப்பு. பட்ஜெட் போட்டுக் குடும்பம் நடத்த ஆரம்பித்து இது இரண்டாவது மாதம்.

“பெட்ரோலுக்கு ஒண்ணும் வைக்காத,” என்றான் அவன், ஷூவை மாட்டிக்கொண்டே. “வண்டி ஒர்க்‌ஷாப்ல கெடக்கு. நடந்தே போயிக்கிறேன், தொப்பையாவது குறையும்.”

“அப்போ அதையும் சேமிப்புல போட்டுடறேன். வாட்ச் எங்க?”

“அதுவும் ரிப்பேர்.”

“உங்க கையில எதுதான் உருப்படும்,” என்று சிரித்தாள். “போன மாசச் சேமிப்புக் கவரை பேங்க்ல கட்டிட்டீங்கல்ல?”

“அன்னைக்கே கட்டியாச்சு. கம்பெனிக்குப் போற வழிதானே.”

அவள் சம்பளத்தை எண்ண ஆரம்பித்தாள். பாதியில் ஒரு ஐந்நூறு நோட்டு விரலில் தடுக்கியது. குறுக்கே கிழிந்து, மகளின் வாத்து ஸ்டிக்கரால் ஒட்டப்பட்ட நோட்டு. போன மாதம் அவளே ஒட்டிச் சேமிப்புக் கவரில் வைத்தது.

நிமிர்ந்து பார்த்தாள். கட்டி முடித்த ஷூ லேஸை அவன் அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தான்.

வேலை எப்போது போனது என்று அவள் கேட்கவில்லை. வண்டியும் வாட்ச்சும் என்ன விலைக்குப் போயின என்றும் கேட்கவில்லை. வாத்து நோட்டைச் சேமிப்புக் கவரிலேயே வைத்து ஒட்டி, அவனிடம் நீட்டினாள்.

“போற வழியில பேங்க்ல கட்டிடுங்க.”

அடுத்த மாதமும் சம்பளம் வர வேண்டுமே.