சந்தன மாலை

சமையல் மேடையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த செல்போன், பக்கத்து மிக்ஸியிடம் ஓயாமல் பீற்றிக்கொள்ளும். "நம்ம ஐயாவுக்கு என்ன தேவைன்னு அவருக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிடும்."

உண்மைதான். அவருக்கு முழங்கால் வலி வருமுன்பே முழங்கால் உறை வீட்டுக்கு வந்துவிட்டது.

அன்று ஒரு பார்சல் வந்தது. வீட்டுக்காரர் தணிகாசலம் பிரித்தார். உள்ளே சந்தன மாலை. செத்தவர் படத்துக்குப் போடுவது.

"சீ, இதை நான் கேக்கவே இல்லையே!" என்றவர் விலையைப் பார்த்தார். "பாதிக்குப் பாதி தள்ளுபடியா? சரி, கிடக்கட்டும்."

மிக்ஸி செல்போனைக் கேட்டது. "யார் படத்துக்குடா?"

"அதெல்லாம் எதுக்கு? தேவைப்படும், வாங்கிட்டேன். வேண்டாம்னா ஏழு நாளைக்குள்ள திருப்பி அனுப்பலாம்."

"அவருக்கு ஏழு நாள் இருக்கா?"



மிக்ஸிக்குக் கத்தி ஊரைக் கூட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் மனிதர் காதில் அதன் குரல் விழ வேண்டுமென்றால் யாராவது ஸ்விட்சைப் போட வேண்டுமே!

தணிகாசலம் போனைக் கையில் எடுத்தார். கேமரா தானாகத் திறந்துகொண்டது.

"ஐயா," என்றது போன், வெகு கனிவாக. "கொஞ்சம் சிரிங்க."