பெத்தவளைச் சொல்லணும்

"விடாதேம்மா! கையை விடாதே! விட்டா நான் செத்தேன்!"

தையல்கடைக்காரி போட்ட கூச்சலில் கரையில் நின்ற கொக்குகூட கொஞ்சம் தள்ளிப்போய் நின்றது.

இத்தனைக்கும் இடுப்பளவுத் தண்ணீர். பவழத் திட்டுக்கு உள்ளே, அலையே இல்லாமல், வெதுவெதுப்பாகக் கிடந்தது கடல். அவள் மல்லாந்திருந்தாள். முதுகுக்குக் கீழே நீச்சல் சொல்லிக்கொடுக்கும் பெண்ணின் உள்ளங்கைகள் இரண்டும் தாங்கிக்கொண்டிருந்தன. தலைமாட்டில் சின்னவள் சிரிப்பை அடக்க முடியாமல் நின்றாள்.

தையல்கடைக்காரியின் வீட்டில் இருப்பதே அவளும் சின்னவளுமாக இரண்டு பேர்தான். ஒரு பெரியவள், ஒரு சின்னவள்.

விளையாட்டுக்காகவா இந்த வயதில் கடலில் இறங்கினாள்? சின்னவளின் கல்யாணமே இந்த மிதப்பை நம்பித்தான் இருந்தது.

மாப்பிள்ளை தங்கமான பையன். ஒரே பேன்ட்டைக் கடைக்குத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து, நீளம் குறைக்க வேண்டும் என்று நின்றவன். அதுவும் சின்னவள் பட்டன் தைத்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து வருவான். பேன்ட் கணுக்காலைத் தாண்டி மேலே ஏறிய பிறகுதான் தையல்கடைக்காரிக்கு உறைத்தது. இப்படியே விட்டால் பையன் அரை டிரவுசரோடு அலைவான் என்று பயந்துபோய், அவளே பேச்சை ஆரம்பித்தாள்.

சின்னவளுக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் பேச்செடுத்தால் போதும், மிஷினைக் கடகடவென்று ஓட்டி ஆள் பேசுவதே கேட்காமல் செய்துவிடுவாள். மிஷின் நின்றால் ஒரே கேள்விதான். பெரியவளைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது?

அதனால்தான் மிஷின் இல்லாத இடமாகப் பார்த்துப் பெரியவள் அவளை இங்கே இழுத்துக்கொண்டு வந்தாள். இயற்கையோடு இயற்கையாக இருக்கிற சொகுசு விடுதியாம். டிவி கிடையாது, ஏசி கிடையாது. பாதையில் நண்டு குறுக்கே வந்தால் மனுஷர்தான் நின்று வழிவிட வேண்டும். குளியலறைக்குக் கூரையே இல்லை.

கூரை போட வக்கில்லாமல் சின்ன வயதில் நாங்களும் இப்படித்தான் குளித்தோம், அதை யாரும் சொகுசு என்று சொல்லவில்லையே என்று வந்ததும் வராததுமாகக் கேலி செய்தாள். அப்புறம் குளிக்கும்போது தலைக்கு மேலே கிளையில் ஒரு மரங்கொத்தி வந்து உட்கார்ந்தது. அதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு தடவை குளித்தாள்.

நேற்றுச் சாயங்காலம் சின்னவள் கடலைக் காட்டிப் பந்தயம் கட்டினாள். தனியாக இருந்துகொள்வேன் என்று வாயால் சொன்னால் போதாது, யாரும் பிடிக்காமல் தண்ணீரில் மிதந்து காட்ட வேண்டும். காட்டினால் கல்யாணத்துக்குச் சரி. இல்லையென்றால் இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது.

பதில் கேட்க அவன் மதியப் படகில் வருகிறான். படகு தூரத்தில் தெரிய ஆரம்பித்துவிட்டது.

ஆயுசு முழுக்க ஊசியைப் பார்த்தே குனிந்த கழுத்து. தாடையைத் தூக்கு என்றால் லேசில் தூக்குமா? தலை முன்னால் வரும், இடுப்பு கீழே போகும், மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறும். காலையிலிருந்து பாதிக் கடலைக் குடித்தாகிவிட்டது.

பயத்தை மறக்கட்டும் என்று நீச்சல்காரி பேச்சுக் கொடுத்தாள். இவ்வளவு நல்ல பெண்ணுக்கு ஏன் இத்தனை நாள் கல்யாணம் ஆகவில்லை?

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஆகாமல் என்ன, ஆயிற்று! முதலில் ஒருத்தன் வாய்த்தான். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனான், அங்கேயே வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டான், போனிலேயே கதையை முடித்துவிட்டான். நேரில் வந்து சொல்லத் துப்பில்லை.

"அவனைச் சொல்லி என்ன பிரயோஜனம்? அவனைப் பெத்தவளைச் சொல்லணும்! செல்லம் கொடுத்தே குட்டிச்சுவராக்கிட்டா!"

திட்டுகிற வேகத்தில் தாடை தானாக மேலே போயிற்று. கழுத்து தளர்ந்தது. காது இரண்டும் தண்ணீருக்குள் அமிழ்ந்தன. பவழத்தின் பக்கமிருந்து எண்ணெயில் கடுகு பொரிவதுபோல ஒரு சின்னச் சத்தம் வந்தது. இதென்னடா வேடிக்கை என்று திட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். உச்சியில் ஒரு பருந்து வட்டமடித்தது.

பருந்துக்குக் கீழே நீச்சல்காரியின் கைகள் தெரிந்தன. இரண்டு கைகளையும் அவள் தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தாள்.

அப்படியானால் முதுகைப் பிடித்திருப்பது யார்? யாருமில்லை, கடல்தான்.

ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! மூக்கும் வாயும் வயிறும் வெயிலில் பளபளக்க, கால் விரல்களை ஆட்டிக்கொண்டு, சொந்த வீட்டுக் கட்டிலில் படுத்த மாதிரி மிதந்தாள்.

அதற்குள் படகு வந்துவிட்டது. இறங்கியவனுக்குப் பேன்ட்டை மடித்துவிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தண்ணீரில் அப்படியே நடந்து வந்து பாதியில் தயங்கி நின்றான். சின்னவள் இரண்டு கைகளையும் ஆட்டி, சரி, சரி என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன அவளுக்கு.

நீச்சல்காரிக்கும் குஷி தாங்கவில்லை. பெரியவளின் காதருகே குனிந்தாள்.

"அந்த வெளிநாட்டுக்கு ஓடினவனைப் பெத்த மகராசி மட்டும் என் கையில கிடைக்கட்டும்மா, இதே தண்ணியில ஒரு அமுக்கு அமுக்கிடறேன்!"

தையல்கடைக்காரி பருந்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"காலையிலேர்ந்து உன் கையிலதானேடி கிடந்தேன்? அமுக்காம விட்டுட்டியே!"

நீச்சல்காரி திறந்த வாய் மூடாமல் சின்னவளைப் பார்த்தாள்.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதட்டினாள்.

"பேசாம மிதங்க அத்தை! வாய்க்குள்ள தண்ணி போகுது!"