இன்னொரு இடம்

"முதல்ல சந்தை, அப்புறம் இடிஞ்ச கோட்டை, கடைசியா எவரிஸ்டா சாப்பாட்டுக்கடை. வரிசை மாறக்கூடாதுண்ணே" என்றாள் லிமாவிலிருந்து வந்த பெண்.

"முன்னாடியே வந்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டான் வழிகாட்டி நிக்கானோர்.

"இல்ல."

சந்தையில் அவள் எதுவும் வாங்கவில்லை. கோட்டையில் படமெடுக்கவில்லை, மதிலுக்குக் கீழிருந்த பள்ளத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நிக்கானோருக்கு என்னவோபோல் இருந்தது.

கடையில் சோளக்கள் வந்தது. அவள் தொடவில்லை.

"குடிக்கலையாம்மா?"

"போன வருஷம் காணாமப்போன எங்க அண்ணன் இதே வரிசையிலதான் சுத்தியிருக்கான். கடைசி மெசேஜ் இங்கேருந்து அனுப்பினான். 'நிக்கானோர் இன்னொரு இடம் காட்டுறாராம்'னு."

நிக்கானோர் கோப்பையை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தான்.

"அந்த இடத்தையும் காட்டுங்கண்ணே. எங்க மத்த அண்ணன்மாரும் பார்க்கணுமாம்."

பக்கத்து மேசையிலிருந்து நான்கு பேர் எழுந்தார்கள்.