கொதிக்க வைத்தாலும் போகாது

"பெட்டியைத் திறங்க சிஸ்டர். இது என் உத்தரவு."

"முடியாது சார்."

மேனேஜருக்கு முகம் காது மடல் வரை சிவந்துவிட்டது. மூன்று மாடி இறங்கி, ஆபரேஷன் கருவிகளைச் சுத்தம் செய்யும் இந்த அறைக்குத் தானே வந்து கேட்டும், ஒரு நர்ஸ் முகத்துக்கு நேராக முடியாது என்கிறாள்! சுற்றி நாலைந்து பேர் கத்தரிக்கோல்களைத் துடைப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள்.

அவளைக் 'கறார் சிஸ்டர்' என்று எல்லோரும் கூப்பிடுவது மேனேஜர் காதிலும் விழுந்திருந்தது. ஆனால் அவர் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்று மாதம்தான். அதற்கு முன் இருபது வருஷம் ஓட்டல் நிர்வாகம். 'முடியாது' என்ற சொல்லே அங்கே கிடையாது.

விஷயம் இதுதான். மூளை ஆபரேஷனுக்கு இருப்பது இரண்டே செட் கருவிகள். மூளை டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வெளியூரிலிருந்து வருவார். இன்று வந்திருக்கிறார். இரண்டு பேருக்கு ஆபரேஷன். ஆனால் கறார் சிஸ்டர் ஒரு செட்டைப் பெட்டியில் போட்டு, சிவப்புத் தாள் ஒட்டிப் பூட்டிவிட்டாள். மீதி இருக்கிற செட்டை ஒருவருக்குப் பயன்படுத்தி, கழுவி, மறுபடி தயார் செய்வதற்குள் டாக்டர் ரயில் ஏறிவிடுவார். ஆக, இன்னொருவருக்கு அடுத்த வாரம்தான்.

"போன வாரம் ஒரு அம்மாவுக்கு மூளையில துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்களே சார், அவங்களுக்குப் பயன்படுத்தின செட் இது. ரெண்டே மாசத்துல பெத்த பிள்ளையையே அடையாளம் தெரியாமப் போனவங்க. மூளையை அரிக்கிற நோயா இருக்குமோன்னு டாக்டருக்குச் சந்தேகம். முடிவு வர்ற வரைக்கும் இது வெளியே வராது. அந்த நோய்தான்னு ஆச்சுன்னா, எரிக்கத்தான் போகும்."

"சந்தேகம்தானே? நல்லாக் கொதிக்க வச்சு எடுங்க. எங்க ஓட்டல்ல ஆயிரம் பேர் வாயில வச்ச ஸ்பூனை வெந்நீர்ல போட்டுத்தான் எடுப்போம். எல்லாக் கிருமியும் செத்துடும்."

"இது சாகாது சார்."

"அந்தச் சூட்டுல சாகாம என்ன இருக்கும்?"

"உயிர் இருந்தாத்தானே சார் சாகும்? இது கிருமியே இல்ல. கோணல்மாணலா மடங்கிப்போன புரதம். கத்தியில ஒட்டிக்கிட்டுச் சும்மா கிடக்கும். நாம வழக்கமா வைக்கிற சூடு இதுக்குப் பத்தாது. அதே கத்தியை இன்னொருத்தர் மூளையில வச்சா, அங்க இருக்கிற நல்ல புரதத்தையும் கோணலாக்கிடும். பத்து வருஷம் கழிச்சுக்கூட நோய் வரலாம். வந்துட்டா மருந்து கிடையாது."

ஓட்டல் ஸ்பூனை நினைத்து மூலையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் திரும்பிப் பார்த்ததும் கத்தரிக்கோல்கள் வேகமாகத் துடைபட்டன.

"டாக்டரும் இதையேதான் சொல்றார். ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா? மேல ஒரு மனுஷன் தலையை மழிச்சுக்கிட்டு, பச்சைத் தண்ணி குடிக்காம ஆபரேஷனுக்குத் தயாரா இருந்தார். இப்ப அடுத்த வாரம்னு சொல்லியாச்சு. ஒரு வாரம் அந்த வலியோட கிடக்கணும்! உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா சிஸ்டர்?"

ஏதோ சொல்ல வந்த சிஸ்டர், விழுங்கிக்கொண்டாள். பெட்டிச் சாவியைக் கோட்டுப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினாள்.

"என்னை வேலையை விட்டு அனுப்புங்க சார். போயிடறேன். சாவியை டாக்டர் கையில கொடுத்துட்டுப் போவேன். உங்க கையில தரமாட்டேன்."

"அனுப்பத்தான் போறேன்!"

அதே கோபத்தோடு மேனேஜர் படியேறி வார்டுக்குப் போனார். ஆபரேஷன் தள்ளிப்போன நோயாளி, நெற்றியில் ஈரத்துணியோடு, வெளிச்சம் படாமல் கண்ணை மூடிக் கிடந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும்.

மேனேஜர் தன் பழைய ஓட்டல் குரலுக்கு மாறினார். "ரொம்ப மன்னிக்கணும் சார். எல்லாம் கீழே ஒரு சிஸ்டரோட பிடிவாதத்தால வந்த வினை. அவங்களை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பறேன். பூட்டை உடைச்சாவது உங்க ஆபரேஷனை இன்னைக்கே முடிச்சுக் கொடுக்கறேன்."

நோயாளி கட்டில் கம்பியைப் பிடித்து மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"பூட்டை உடைச்சீங்கன்னா, நான் இப்பவே இறங்கி வீட்டுக்குப் போயிடுவேன் சார்."

"என்ன சார் இது! உங்களுக்காகத்தானே நான் போராடறேன்?"

"முதல்ல என்னைத்தான் எடுக்கிறதா இருந்தது. ஒரு செட்தான்னு ஆனதும், 'ஒன்பதாம் பெட்காரருக்கு நாளுக்கு நாள் பார்வை மங்குது, அவரை எடுங்க. இவருக்கு ஒரு வாரம் தள்ளினா ஆபத்து இல்ல, வலிதான். இவர் தாங்கிப்பார்'னு டாக்டர்கிட்ட சொன்னதே அந்த சிஸ்டர்தான்."

மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. "உங்க வலியைத் தாங்கிப்பீங்கன்னு சொல்ல அவங்க யாரு? உங்களைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?"

நோயாளி வலியோடு சிரித்தார்.

"பத்தொன்பது வருஷமா என்கூடக் குடித்தனம் பண்றவளுக்குத் தெரியாதா சார்?"