பிரிக்காத பிளாப்பி

இரண்டாவது பிளாப்பியைக் கம்ப்யூட்டர் மிஷினுக்குள் தள்ளி விஜயகுமாரி அதன் வாயை மூடியபோது மணி நாலரை.

பாகூர் கரும்புக் கோட்ட அலுவலகத்தில் அன்று வேலை என்று எதுவும் நடக்கவில்லை. மேனேஜர் சுப்பராயலு முதல் வண்டிக்காரர்கள் வரை எல்லாரும் ஆபரேட்டரம்மாவின் முதுகுக்குப் பின்னால்தான் நின்றார்கள்.

அவர்களில் மூச்சுவிடவும் மறந்து நின்றவர் சேலியமேட்டு இருசப்பன். முந்தாநாள் அவருடைய ஒன்றரை ஏக்கர் கரும்பு தீப்பிடித்துவிட்டது. எரிந்த கரும்பை உடனே வெட்டி ஆலைக்கு அனுப்பாவிட்டால் சாறு புளித்துப்போகும். பிறகு அது வெறும் விறகு.

வெட்டு உத்தரவுச் சீட்டு இல்லாமல் ஆலை எடைமேடையில் வண்டி ஏறாது. சீட்டு அடிக்கிற மிஷினோ நேற்றிலிருந்து செத்துக் கிடந்தது. அதை எழுப்புகிற பிளாப்பியில் பூசணம் பூத்துவிட்டது. போன வருஷம் ஒருமுறை கையால் எழுதிக் கொடுத்து, வெட்டு முறை தவறிவிட்டதென்று பாதி ஊர் சுப்பராயலுவின் சட்டையைப் பிடித்தது. அதோடு கைச்சீட்டு செல்லாது என்று மேலிடம் சொல்லிவிட்டது.

புதுச்சேரி தலைமை அலுவலகத்தில் எண்பத்தெட்டில் இறங்கிய புது மிஷின்கள் இருந்தன. அவற்றின் புது சிஸ்டத்தை இந்தக் கிழம் தாங்காது. அதனால் பழைய சிஸ்டத்தையே புது மிஷினில் தயார் செய்து, கைக்குக் கிடைத்த ஒரு பழைய பிளாப்பியில் ஏற்றி, காலையில் பஸ்ஸில் கொண்டுவந்தாள் விஜயகுமாரி.

கிழம் அதைச் சீந்தவே இல்லை.

"வுடும்மா. இதோட ஆயுசு அவ்ளோதான்" என்று கையை விரித்துவிட்டார் சுப்பராயலு.

ஏன் ஓடவில்லை என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். புது மிஷின் எழுதுவது மெல்லிய கோடு. ஏற்கெனவே எழுதிய பிளாப்பியின் மேல் அது எழுதினால், பழைய தடித்த எழுத்து ஓரங்களில் மிச்சம் நிற்கும். கிழட்டு மிஷின் இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பிவிடும். யார் கையும் படாத பிளாப்பி என்றால் தொல்லை இல்லை. உறை பிரிக்காதது ஒன்றே ஒன்று பீரோவில் இருந்தது.

அவள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

பத்து நிமிடம் சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே இருசப்பன் கருகிய கரும்பு ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் இனிக்கிறதா பார் என்று பக்கத்திலிருந்தவரிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

பீரோவைத் திறந்தாள். மறுபடி புதுச்சேரிக்குப் போய், அதில் எழுதிக்கொண்டு, மறுபடி வந்தாள்.

இப்போது சிவப்பு விளக்கு எரிந்தது. மிஷின் கரகரவென்று இருமியது. திரையில் எழுத்து வந்துவிட்டது.

முதல் சீட்டை இருசப்பன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

"புள்ளகுட்டியோட நல்லா இருப்பம்மா" என்றவர் அதற்குமேல் நிற்கவில்லை. வெட்டாட்களைத் தேடி ஓடினார்.

சுப்பராயலுவுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மிஷின் இன்னும் ஐந்து வருஷம் ஓடும் என்று அப்போதே தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சொன்னார்.

விஜயகுமாரி சிரிக்கத்தான் செய்தாள்.

பாகூர் மிஷின் எழுந்திருக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் அவளுக்குப் புதுச்சேரியிலேயே வேலை என்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள். தலைமை அலுவலகத்துக்குப் பின்தெருவில் அவள் வீடு. முதல் பஸ்ஸில் போய்க் கடைசி பஸ்ஸில் திரும்புகிறவளின் ஒன்றரை வயது மகள், பக்கத்து வீட்டு ஜெயாவை அம்மா என்று கூப்பிடத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது.