வடக்கின் வெளிச்சம்

கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

சூடு கையுறையைத் தாண்டி உள்ளங்கைக்கு வந்தது. கலைமான் இறைச்சி, உருளைக்கிழங்கு, கரட். உப்பைத் தவிர வேறொன்றும் போடவில்லை. ஆனாலும் நன்றாக இருந்தது.

கூம்புக் கூடாரத்தின் நடுவில் நெருப்பு. மேலே ஒரு துவாரம். புகை அதன் வழியே போனது. நெருப்பைச் சுற்றி விரித்த மான்தோல்களில் ஒரு பஸ் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் துருவ ஒளி பார்க்க வந்தவர்கள்.

மகள் ஆரணிக்கு எட்டு வயது. பாடசாலையில் படம் காட்டியிருந்தார்கள். குளிர்கால விடுமுறைக்கு வேறெதுவும் வேண்டாமென்று அடம்பிடித்தாள். அதனால்தான் தாங்கள் வசிக்கும் பேர்கன் நகரில் விமானம் ஏறி, நோர்வேயின் வடக்கே இவ்வளவு தூரம் வந்திருந்தார்கள்.

“இவையின்ர சனத்துக்குப் பேரே சாமிதான்,” என்றான் கணவன் குகதாசன், பானையருகே நின்ற மாரித் என்ற பழங்குடிப் பெண்ணைக் காட்டி. “சாமி சமைச்ச சாப்பாடு. மிச்சம் வைக்கக் கூடாது.”

ஆரணி சிரித்தாள். அவளும் சிரித்தாள்.

மாரித்துக்கு அறுபது வயதிருக்கும். நீல உடை, ஓரமெல்லாம் சிவப்பு. இன்னொரு அகப்பை ஊற்றியபடி நோர்வேஜிய மொழியில் சொன்னாள். தான் சிறுமியாக இருந்தபோது இந்த வெளிச்சம் வந்தால் பெரியவர்கள் பார்க்க விடமாட்டார்கள். பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் மட்டும் தன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வெளியிலிருந்து யாரோ கூவினார்கள். கிண்ணங்கள் அப்படியே கிடக்க, ஆட்கள் முண்டியடித்து வெளியேறினார்கள். ஆரணிதான் முதல் ஆள்.

“இஞ்ச, கெதியா வாரும்,” என்று குகதாசன் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

அவள் மெதுவாகத்தான் வெளியே வந்தாள்.

மலைக்கு மேலே புகைபோல ஒரு கோடு. அவ்வளவுதான். இதற்கா இத்தனை தூரம் என்று நினைத்தாள்.

பிறகு அந்தக் கோடு உடைந்தது.

பச்சை, வானம் முழுக்க. அது தொங்கியது. அசைந்தது. மெல்ல இறங்கியது. கீழே பனி வெளித்துப் பச்சையாகியது. ஆட்களின் நிழல்கள் தரையில் விழுந்தன.

சத்தமே இல்லை.

வன்னியில், போரின் கடைசி மாதங்களில், இருட்டில் முதலில் வருவது வெளிச்சம்தான். ஆமி ஏவும் வெளிச்சக் குண்டு, பரா என்பார்கள். வானத்தில் தொங்கிக்கொண்டு ஆறுதலாக இறங்கும். கடற்கரை மணலில் ஒவ்வொரு முகமும் தெரியும். அந்த நேரத்தில் சத்தமே இருக்காது.

அதற்குப் பிறகு ஷெல்.

பக்கத்தில் ஒருத்தி வீரிட்டாள். சந்தோஷத்தில்தான்.

அவள் ஓடினாள்.

வெட்டவெளியில் கைகளை விரித்து நின்ற பிள்ளையை இழுத்து விழுத்தினாள். மேலே கவிழ்ந்து படுத்தாள். பிள்ளையின் தலையைத் தன் நெஞ்சுக்குள் அமுக்கினாள்.

ஆரணி முதலில் சிரித்தாள். விளையாட்டென்று நினைத்தாள்.

“அம்மா, விடுங்கோ. மூச்சு முட்டுது.”

“எழும்பாதை கீரன். அசையாதை. அம்மா மேல கிடக்கிறன்.”

“அம்மா.”

“கீரன், சொன்னாக் கேள் ராசா. தலையைத் தூக்காதை.”

“அம்மா, நான் ஆரணி.”

ஆட்கள் திரும்பினார்கள். ஒருவன் நெற்றி விளக்கைப் போட்டு அவர்கள்மேல் அடித்தான். மாரித் அதட்டி அணைக்கச் சொன்னாள். உள்ளே போய் ஒரு மான்தோலைக் கொண்டுவந்தாள். தாயையும் பிள்ளையையும் சேர்த்து மூடினாள். பனியில் முழங்காலிட்டுப் பக்கத்திலேயே இருந்தாள்.

குகதாசன் நின்ற இடத்திலேயே நின்றான்.

கலியாணம் பேசியபோது, போரில் அவளுடைய ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள் என்றார்கள். தாய், தகப்பன், தமையன். அவ்வளவுதான் சொன்னார்கள். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. கேட்டால் அழுவாள் என்று பயந்தான். பத்து வருடமாகப் பயந்துகொண்டிருந்தான்.

கீரன் என்ற பெயரை இன்றுதான் கேட்கிறான்.

வானம் வெகுநேரம் ஆடிவிட்டு வெளிறியது.

அவள் எழுந்தாள். பிள்ளையின் முதுகில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினாள். மூக்கைத் துடைத்துவிட்டாள். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டாள். நின்றவர்களிடம் நோர்வேஜிய மொழியில் மன்னிப்புக் கேட்டாள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டாள்.

கூடாரத்துக்குள் போய்த் தன் கிண்ணத்தை எடுத்தாள். கொழுப்பு உறைந்திருந்தது. அடிவரை சாப்பிட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஆட்கள் தாங்கள் எடுத்த படங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு துண்டு பச்சை. பிறகு விளக்கை அணைத்தார்கள். பேச்சும் நின்றது.

ஆரணி அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். இன்னமும் இடையிடையே விம்மல் வந்தது.

பஸ் ஒரு நீண்ட சுரங்கப் பாதைக்குள் நுழைந்தது.

கீரன் யார் என்று அவன் கேட்பானென்று காத்திருந்தாள். ஏன் சொல்லவில்லை என்றாவது கேட்பான். இரண்டுக்கும் அவளிடம் பதில் இருந்தது. வன்னியிலிருந்து கப்பலில் வந்த நாளிலிருந்தே, நோர்வேக்கு விமானத்தில் வந்த நாளிலிருந்தே, மனப்பாடமாக இருந்தது.

“எத்தினை வயசு?” என்றான் குகதாசன்.

அந்தக் கேள்வியை இவ்வளவு காலத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

“நாலு,” என்றாள்.

சுரங்கத்தின் மஞ்சள் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அவள் முகத்தில் வந்து போயின.

“இல்லை,” என்று திருத்தினாள். “நாலு முடிஞ்சிட்டுது. அஞ்சு துடங்கி ஒரு கிழமை.”