கை ஓடும் சத்தம்

வளையல் அவன் மணிக்கட்டு வரை வரவில்லை. விரல் முட்டிகளிலேயே நின்றுவிட்டது.

சிவப்புக் கண்ணாடி வளையல். மாமியார் வீட்டு அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பின்னால் இருந்தது.

ஒளித்து வைத்ததைப் போல.

அதை மேசையில் வைத்தான். சத்தம் கேட்கும்படி வைத்தான்.

சமையலறையில் பாத்திரம் கழுவும் ஓசை நின்றது.

அவன் மனைவி கோமதியின் இடது கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். டயாலிசிஸ் ஊசிக்காக. தோலுக்கடியில் ரத்தம் ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். தொட்டால் தெரியும். கைபேசியை ஒட்டி வைத்தால் கேட்கும்.

கை ஓடுகிறது என்பார்கள் வீட்டில்.

அந்தக் கையில் இறுக்கமாக எதுவும் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். கைக்கடிகாரம் கூடாது. தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது.

கோமதியின் தங்கை வளைகாப்பில் மாமியார் சோப்புத் தடவி அந்தக் கையில் இந்த வளையலை ஏற்றினாள். "ஒத்தக் கை மூளியா சபையில நிக்கக் கூடாதுல்லா" என்றாளாம். அவன் பந்தியில் இருந்தான்.

மறுநாள் கை ஓடுவது நின்றுவிட்டது.

பிறகு டயாலிசிஸுக்குக் கழுத்தில் குழாய். குழாய் வழியே காய்ச்சல்.

பிறகு கோமதி இல்லை.

வளையல் காரணமில்லை என்றார் டாக்டர். ரத்தக்குழாய் உள்ளேயே பல வாரங்களாகக் குறுகி வந்திருக்கிறது. குறுகிய இடத்தில் ரத்தம் பாய்ந்து ஓடும். அந்தப் பாய்ச்சலின் இழுப்பில்தான் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சுவரில் ஒட்டும். ஒன்றின்மேல் ஒன்றாக, அடைபடும்வரை.

அவன் நம்பவில்லை. அவன் படித்தது இயந்திரவியல். வண்டல் மெதுவான நீரில்தான் படியும். வேகமான நீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும்.

டாக்டருக்கும் மாமியாருக்கும் ஒரே ஊர். அதையும் யோசித்தான்.

"குறுகும்போது சத்தம் மாறியிருக்குமே" என்று டாக்டர் கடைசியாகக் கேட்டிருந்தார். "விசில் மாதிரி. நீங்க கவனிக்கலையா?"



மாமியார் வந்து நின்றாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். வளையலைப் பார்த்தாள். அவனைப் பார்க்கவில்லை.

கேட்டுவிடத்தான் வந்திருந்தான். வளைகாப்புக்கு முந்தின நாள்வரை கை நன்றாக ஓடியதென்று காட்டக் கைபேசியை எடுத்தான்.

அவன் வேலைக்குப் போன பிறகு கோமதி தினமும் ஓர் ஒலிப்பதிவு அனுப்புவாள். பேச்சு இருக்காது. கையின் சத்தம் மட்டும்.

பழையது ஒன்றை ஓடவிட்டான். தூரத்தில் மாவு மில் ஓடுவதைப் போல, தாழ்ந்த முழக்கம்.

பிறகு, வளைகாப்புக்கு முந்தின நாள் அனுப்பியது.

மெல்லிய சீழ்க்கை. குக்கர் வெயிட் எழும்புவதற்கு முன்னால் வருமே, அப்படி.

அதற்கு முந்தியதைப் போட்டான். அதற்கும் முந்தியதை.

சீழ்க்கைதான்.

ஒன்றில் மட்டும் கோமதியின் குரலும் இருந்தது. சிரிப்போடு. "கேட்டேளா? என் கை இப்பல்லாம் பாட்டு படிக்கு."

வளையலுக்கு வெகு நாள் முன்னால்.

மாமியார் கையை நீட்டினாள். கைபேசியை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். கடைசிச் சீழ்க்கையை முழுதும் கேட்டாள்.

"எம்மா, எவ்வளவு பலமா ஓடியிருக்கு" என்றாள்.

பிறகு, மெதுவாக.

"வளவி போடுத வரைக்கும் எம்புள்ள நல்லாத்தான இருந்திருக்கா. நாந்தான் மாப்ள. பாவி, நாந்தான்."

அவன் ஒரு சொல் சொன்னால் போதும்.

அவள் கைபேசியைக் காதிலிருந்து இறக்கினாள். திரையில், ஒவ்வொரு சீழ்க்கைக்கும் கீழே, அவன் அனுப்பிய பதில். உயர்த்திய கட்டைவிரல்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வளையல் மேசையில் இருந்தது. அவள் பக்கமாகவே.